சின்னப் பிள்ளைகளோடு எப்போது குடி போவது: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்

தென்னாப்பிரிக்கப் பள்ளிக்கூட நாட்காட்டியையும் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் வரும் விடுமுறை பங்குனியில் விழும். ஜூன் கடைசியில் வருவது ஆனியில் தொடங்கி ஆடியில் முடியும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருவது புரட்டாசி. டிசம்பரின் பெரிய விடுமுறை முக்கால்வாசி மார்கழி. குடி போகக் கூடாது என்று நம் பெரியவர்கள் தள்ளி வைத்த மாதங்களாகப் பார்த்து இந்த நாட்டில் பள்ளிக்கு லீவு விட்டிருக்கிறார்கள்.

என் கணவரின் வேலை 2026 ஜனவரியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டுக்கு மாறுகிறது என்று தெரிந்ததும் நான் முதலில் உட்கார்ந்து போட்ட கணக்கு இதுதான். மகளுக்கு ஏழு வயது, முதல் வகுப்பு முடிக்கிறாள். மகனுக்கு இரண்டரை. டர்பனில் வாடகை ஃபிளாட். இதே நிலையில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால் நாங்கள் எதையெல்லாம் எடைபோட்டோம், எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு. டிசம்பரில் பள்ளி மூடியவுடனே போவது. கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி முதல் வாரத்தில் போவது. தை பிறந்த பிறகு போவது. கணவர் மட்டும் முன்னால் போய் அறை எடுத்துத் தங்க, நானும் பிள்ளைகளும் ஜூன் விடுமுறையில் போய்ச் சேருவது.

ஜூன்தான் முதலில் எனக்குப் பிடித்திருந்தது. அவசரமில்லை, வீட்டை நிதானமாகத் தேடலாம். கும்பகோணத்திலிருந்து மாமியார் போனிலேயே அதை உடைத்துவிட்டார். "ஆனி அடி எடாதே, கூனி குடி புகாதேன்னு கேள்விப்பட்டதில்லையா?" கூனி என்றால் பங்குனி. ஆனியும் போச்சு, அடுத்தது ஆடி. அதை ஒரு பக்கம் வைத்தாலும் எனக்கே வேறு தயக்கங்கள் வந்தன. ஜூன், ஜூலை இங்கே நடுக்குளிர்காலம். டர்பனில் ஒரு ஸ்வெட்டர் போதும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், பெரும்பாலான வீடுகளில் சூடாக்கும் வசதி கிடையாது, தரை எல்லாம் டைல்ஸ். பெட்டிகளுக்கு நடுவே, கம்பளி எந்தப் பெட்டியில் என்று தெரியாமல், இரண்டரை வயதுப் பிள்ளையோடு முதல் இரவு. வழியில் வான் ரீனன் கணவாயில் பனி விழுந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் அப்படி மூடி, வண்டிகள் இரவெல்லாம் நடுவழியில் நின்றன. எல்லாவற்றையும்விட, மகள் ஜனவரியில் இங்கே புது டீச்சருக்குப் பழகி ஆறு மாதத்தில் அங்கே இன்னொருவருக்குப் பழக வேண்டும். மகன் அப்பாவை வார இறுதியில் மட்டும் பார்ப்பான். ஆறு மாதம் என்பது இரண்டரை வயதுக்கு மிக நீளம். ஜூனை விட்டோம்.

தை பிறந்த பிறகு என்பது மாமியாரின் விருப்பம். தை பிறந்தால் வழி பிறக்கும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் 2026இல் பள்ளி திறந்தது ஜனவரி 14. பொங்கலும் அதை ஒட்டியே. தை பிறந்து, நல்ல நாள் பார்த்து, லாரி பிடித்துப் போனால் மகள் வகுப்பில் சேரும்போது இரண்டு வாரமாவது ஓடியிருக்கும். சின்ன வகுப்புகளில் முதல் வாரத்திலேயே யார் பக்கத்தில் யார், யார் யாரோடு சாப்பிடுவது என்பதெல்லாம் முடிவாகிவிடும். தாமதமாக வரும் பிள்ளை ஓரமாக நிற்கும். அப்படி நின்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும், அது நான்தான். அப்பாவின் மாற்றலால் மூன்றாம் வகுப்பில் ஆகஸ்ட் மாதம் சேர்ந்தேன்.

ஜனவரி முதல் வாரம் பார்க்கச் சுலபமாகத் தெரியும். கணவருக்கு விடுப்பு, பிள்ளைகளுக்கு விடுப்பு. ஆனால் மார்கழி. அதோடு என்3 நெடுஞ்சாலை. டிசம்பர் நடுவில் ஜோகன்னஸ்பர்க்கே கடற்கரை தேடி டர்பனுக்கு இறங்கும், புத்தாண்டு முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே ஏறுவார்கள். நாமும் அந்த நெரிசலில், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளோடு ஏற வேண்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் போனால் கூட்டம் எதிர்த் திசையில் வரும், நம் பக்கம் சாலை காலியாக இருக்கும். டோல்கேட்டில் நின்று அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக மிஞ்சியது முதல் வழி. 2025இல் பள்ளி மூடியது டிசம்பர் 10, புதன்கிழமை. மார்கழி பிறந்தது டிசம்பர் 16. நடுவே இருக்கும் சில நாள் இன்னும் கார்த்திகைதான். வருடம் முழுக்கப் பள்ளி விடுமுறையும் நல்ல மாதமும் ஒன்றாகச் சேருவது எனக்குத் தெரிந்து இந்த ஒரு சந்தில்தான்.

மாதம் பார்ப்பது அவசியமா என்று கேட்பவர்கள் உண்டு. மார்கழிக் குளிரே இல்லாத ஊர் இது. இங்கே அப்போது கொளுத்தும் கோடை. அது சரிதான். ஆனால் புது வீட்டுக்குப் போன வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஊரிலிருந்து ஒரு குரல் வரும். ராத்திரி இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் குரல் என் நெஞ்சிலும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களின் மனசும் நம் மனசும் நிம்மதியாக இருப்பதற்கு நான்கு நாள் முன்னால் போவது பெரிய விலையில்லை என்று நினைத்தேன்.

விலை இருக்கத்தான் செய்தது. புது வீட்டுக்கு டிசம்பர் 1 முதல் வாடகை, பழைய வீட்டுக்கு டிசம்பர் நடு வரை. இரண்டு வாரம் இரட்டை வாடகை. ஒப்பந்தம் முடியாமல் வெளியேறுபவர்கள் 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர் நியாயமான ஒரு தொகையை இழப்பீடாகக் கேட்கலாம். நாங்கள் நவம்பர் 12 அன்று கொடுத்தோம்.

இங்கே ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கோ எட்டாம் வகுப்புக்கோ போவதாக இருந்தால், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹவுடெங் மாகாண அரசுப் பள்ளிகளுக்கு இணையத்தில்தான் விண்ணப்பம், அதுவும் முந்தைய வருடம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கிலேயே. முகவரிச் சான்று கேட்பார்கள், வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் இடம். அதைத் தவறவிட்டால் பிற்பாடு எங்கே இடம் மீந்திருக்கிறதோ அங்கேதான். என் மகள் இரண்டாம் வகுப்பு என்பதால் நேரே பள்ளியிலேயே கேட்க முடிந்தது. பிறப்புச் சான்றிதழ், கடைசி ரிப்போர்ட், மாற்றல் அட்டை, கிளினிக்கில் கொடுக்கும் தடுப்பூசிப் புத்தகம், வாடகை ஒப்பந்தம்: இவை ஐந்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். தடுப்பூசிப் புத்தகம் லாரியில் ஏறிவிட்டால் பிறகு அது எந்தப் பெட்டி என்று தேட ஜனவரி ஆகிவிடும்.

சரி, நாள் முடிவாயிற்று. பிள்ளைகளை என்ன செய்வது?

இதில்தான் எங்கள் வீட்டில் அதிகம் பேச்சு நடந்தது. இங்கே நம் குடும்பங்களில் வழக்கமான ஒரு வழி இருக்கிறது. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிசம்பரில் ஊருக்குப் போய்விடுவாள். அப்பா தனியாக வீட்டை மாற்றி, எல்லாம் அடுக்கி, ஜனவரியில் விமான நிலையத்தில் வந்து நேரே புது வீட்டுக்கு அழைத்துப் போவார். தாத்தா பாட்டிக்கும் சந்தோஷம், அட்டைப்பெட்டி கலவரத்தில் பிள்ளைகளும் இல்லை. டிக்கெட் விலைதான் உறைக்கும். டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் இல்லை, துபாய் போல எங்காவது மாறித்தான் போக வேண்டும், டிசம்பர் வேறு. பணம் இருப்பவர்களுக்கு இது நல்ல வழிதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

என் மனதை மாற்றியது எங்கள் பழைய அனுபவம். 2022இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வந்தபோது மகளுக்கு நான்கு வயது. மூன்று நாள் ஒரு நண்பர் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் வீட்டை மாற்றினோம். எல்லாம் அடுக்கி, அவள் கட்டிலில் அவள் போர்வையே விரித்து, பெருமையாகக் கூட்டிவந்து காட்டினோம். சுற்றிப் பார்த்தாள். தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அப்புறம் வாசலுக்குப் போய், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "அம்மா, நம்ம வீட்டுக்குப் போலாமா?" என்றாள். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த மூன்று வாரமும் மாலையானால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். பழைய வீடு காலியானதை அவள் பார்க்கவே இல்லையே. அது அங்கே அப்படியே இருக்கிறது, நாங்கள்தான் கூட்டிப்போக மாட்டேன் என்கிறோம் என்று அவள் மனதில்.

இந்த முறை யோசித்துக்கொண்டிருந்தபோது கீழ் ஃபிளாட்டில் இருக்கும் பாட்டியிடம் பேசினேன். பிள்ளைகள் அவரை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், பாட்டி என்ற பொருளில். அவர்கள் குடும்பம் டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் இருந்தது, நம் தமிழ், தெலுங்கு ஆட்கள் நிறைந்த இடம். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி அங்கிருந்தவர்களை, நகரின் ஓரத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஆயாவுக்கு அப்போது ஏழு வயது, என் மகளின் வயது. தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னார்: "லாரியில மெத்தை மேல உட்கார்ந்தேன் மா. அம்மா மடியில காமாட்சி விளக்கு. எங்க போறோம்னு பிள்ளைங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. என் ஸ்கூல் ஃப்ரெண்டுக்கு பை கூட சொல்லல." அறுபது வருடம் ஆகிறது. வீடு போனது, தெரு போனது எல்லாம் சொன்னார். ஆனால் குரல் உடைந்தது அந்தத் தோழியைச் சொன்னபோதுதான். எங்களை யாரும் துரத்தவில்லை, விரும்பித்தான் போகிறோம், இரண்டையும் ஒன்றாக்க நான் யார். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு எது தொண்டையில் நிற்கும் என்பதை ஆயா எனக்குச் சொல்லிவிட்டார்.

அதனால் ஊருக்கு அனுப்புவது வேண்டாம், நண்பர் வீட்டிலும் வேண்டாம், கூடவே இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். முழு நாளும் அல்ல. லாரி ஏற்றும் நாளில் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஆயா வீட்டில். கண்ணாடி, கட்டில் கால் எல்லாம் இறங்கும் நேரம் அது. அதற்குப் பிறகு மேலே கூட்டி வந்தேன். மகளும் மகனும் காலி அறைகளில் ஓடினார்கள், கத்தினார்கள், எதிரொலி கேட்டுச் சிரித்தார்கள். மகள் ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கேட்டவை எல்லாம் நான் எதிர்பார்க்காதவை. சமையலறைப் பல்லி வருமா? குரங்கு வருமா? டர்பனில் ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்குகள் வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகும், அவளுக்கு அது வீட்டின் ஒரு பகுதி. பல்லி இங்கேயே இருக்கும், குரங்கு அந்தப் பக்கம் இருக்காது என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் அழுதாள். தோழியிடம் பள்ளி மூடிய நாளிலேயே சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் படம் வரைந்து மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகனைப் பற்றி ஒன்று. கழிப்பறை பழக்க ஆரம்பித்திருந்தோம், அதை நவம்பரிலேயே நிறுத்தி டயப்பருக்குத் திரும்பினேன். பால் புட்டியையும் பிடுங்கவில்லை. வீடு மாறும் மாதத்தில் அவனிடம் வேறெதையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை.

லாரிக்கு இரண்டு வழி. முழு லாரி நமக்கே என்றால் எங்களுக்குச் சொன்ன விலை 16,500 ராண்ட். இன்னொரு குடும்பத்தின் சாமானோடு சேர்த்து ஏற்றினால் 9,800. வித்தியாசம் பெரிது. ஆனால் சேர்த்து ஏற்றினால் எந்த நாள் வந்து சேரும் என்று சொல்ல மாட்டார்கள், "இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில்" என்பார்கள். முன்பு வேறொரு முறை வீடு மாறியபோது எங்கள் சாமான் அப்படித்தான் ஐந்து நாள் தாமதமாக வந்தது, குழந்தையின் கட்டில் உட்பட. தனியாளாக இருந்தால், பிள்ளைகள் பெரியவர்களாக இருந்தால், நான் யோசிக்காமல் சேர்த்தே ஏற்றுவேன். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முழு லாரி. பக்கி (இங்கே சின்ன பிக்கப் வண்டிக்குப் பெயர்) வாடகைக்கு எடுத்து நாமே இரண்டு நடை போகலாம் என்ற யோசனை ஊருக்குள் மாறுபவர்களுக்குத்தான். 570 கிலோமீட்டருக்கு அது ஆகாது.

லாரி சாமானை இறக்கக் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கோடையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும். மெத்தை நனைந்தால் அன்றைய இரவு போயிற்று.

விமானமா காரா என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. பறந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் கார் எப்படியும் அங்கே போய்ச் சேர வேண்டும், முதல் இரவுச் சாமானும் காரில்தான் வரும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம் என்பது 2015லிருந்து சட்டம். ஏழு வயதுக்காரிக்கும் நான் பூஸ்டர் போட்டுத்தான் உட்கார வைப்பேன். பெரிய டோல்கேட் ஐந்து. ஹாரிஸ்மித்தில் நீண்ட ஓய்வு, புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ஆறு மணி நேரப் பயணம் எங்களுக்கு எட்டரை ஆனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. வழியில் கரும்பு தீர்ந்து மலை வந்து, மலை தீர்ந்து சமவெளி வந்ததை மகள் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்தாள். இடம் மாறுகிறது என்பது கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைக்குப் பிடிபடும்.

எங்கள் நாட்கள் இப்படி அமைந்தன. வியாழன் லாரி ஏற்றினோம், இரவு ஆயா வீட்டில் பாய் விரித்துப் படுத்தோம். வெள்ளி காலை வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டைப் பார்த்துக் கையெழுத்து. இந்தக் கூட்டுப் பரிசோதனைக்குக் கட்டாயம் நேரில் நில்லுங்கள். சேதம் எதுவும் இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்த ஏழு நாளுக்குள் டெபாசிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும், பழுது பார்த்துக் கழிப்பதாக இருந்தால் பதினான்கு நாள். முந்தைய வாரம் நானும் மகளும் ஈரத்துணியும் சமையல் சோடாவும் வைத்து வராந்தாச் சுவரில் இருந்த கிரையான் கோடுகளைத் துடைத்தோம். யார் போட்ட கோடு எது என்று அவள் சொல்லிக்கொண்டே துடைத்தாள், எல்லாவற்றையும் தம்பி மேல் போட்டாள்.

காரில் ஏற்றியது கொஞ்சம்தான். பிள்ளைகளின் மெத்தை விரிப்பும் துவைக்காத தலையணை உறைகளும் (வாசனை மாறக் கூடாது), குக்கர், அரிசி பருப்பு ஒரு கிலோ, ஒரு பால் பாத்திரம், காமாட்சி விளக்கு, டார்ச். டார்ச் எதற்கென்றால் புது வீட்டின் ப்ரீபெய்ட் மீட்டர் எண்ணை முன்கூட்டியே வாங்காமல் போய் இருட்டில் நின்றவர்கள் உண்டு. நாங்கள் எண்ணை வாங்கி, 200 ராண்டுக்கு மின்சாரம் ஏற்றி வைத்திருந்தோம்.

வெள்ளி மாலை இருட்டும் முன் உள்ளே போனோம். விளக்கை மகள் மடியில் வைத்துக்கொண்டுதான் வழி முழுக்க வந்தாள், அது ஆயா சொன்ன கதையால் அவளாகவே கேட்டு வாங்கியது. ஏற்றினோம். பால் காய்ச்சினோம். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாலும் டர்பனைவிடச் சீக்கிரம் எழும்பியது. நான் சர்க்கரையைத் தேடித் திரும்புவதற்குள் பொங்கி அடுப்புத் தட்டெல்லாம் வழிந்தது. மகன் கைதட்டினான். மாமியாருக்கு வீடியோவில் காட்டியபோது, "பொங்கிடுச்சா, போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரவு நான்கு பேரும் ஒரே அறையில் தரையில் படுத்தோம். மகன் மூன்று முறை எழுந்தான். மகள் நெடுநேரம் தூங்கவில்லை, "இங்க சத்தமே இல்ல" என்றாள். விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே கூரை மேல் அந்தப் பழைய கூச்சல். ஹடீடாப் பறவைகள். டர்பனில் தினமும் நம்மைத் திட்டிக்கொண்டே எழுப்பும் அதே குரல், அதே நேரம். மகள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இவங்களும் வந்துட்டாங்களா?"

"இவங்க இங்கேயும் இருக்காங்க," என்றேன்.

ஜன்னலுக்கு ஓடினாள். லாரி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.